முந்தாநாள் போட்ட மருந்து

மனைவியின் இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து ஜவுளிக்காரர் கொடுத்த விலை ஒரே ஒரு சொல்: "இல்லை."

ஸ்கேன் எடுக்கும் பெண் நேராகத்தான் கேட்டாள். "சார், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருக்கு. போன வாரத்து ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் படம் தெளிவா விழ ஊசியில ஏத்துற கான்ட்ராஸ்ட் மருந்தோட அளவைக் குறைச்சிருக்கோம். நடுவுல வேற எங்கயாவது இதே மருந்து போட்டாங்களா?"

போட்டிருந்தார்கள். முந்தாநாள், ஊரின் மறுகோடியில். ஈரலில் இருப்பது சாதாரணக் கட்டிதான், பயமே வேண்டாம் என்று அங்கிருந்த டாக்டர் கையோடு சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் வினை. கேட்ட மாத்திரத்தில் இறங்கி வரும் வியாபாரியை ஜவுளிக்காரர் வாழ்நாளில் நம்பியதில்லை. இன்னொரு இடத்தில் விசாரித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். விசாரிக்கும்போது முதல் கடையில் சொன்ன விலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. விட்டால் இரண்டாவது கடைக்காரன் அதையே பிடித்துத் தொங்குவான்.

சக்கர நாற்காலியில் இருந்த மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணைக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கண்ணின் அர்த்தம் தெரியும். முந்தாநாள் ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

அவரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். மருந்து ஏறத் தொடங்கியதும் அந்தப் பெண் மைக்கில் குனிந்தாள். "அம்மா, உடம்பெல்லாம் சூடா இருக்கும். பயப்படாதீங்க."

"தெரியும் கண்ணு," என்றது உள்ளிருந்து வந்த குரல். "முந்தாநாளும் இப்படித்தான் இருந்துச்சு."

ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் பாய்ந்தது. அதற்குள் ஊசிக்குழாய் காலி.

"ஏன் சார் மறைச்சீங்க?"

"ரெண்டு இடத்துலயும் ஒண்ணையே சொல்றீங்களான்னு பாக்கத்தாம்மா."

"அந்தப் படத்தைக் கொண்டாந்திருந்தா, மருந்தே போடாம எங்க டாக்டர் பார்த்துச் சொல்லியிருப்பாரே. துணின்னா பிரிச்சுப் பார்த்துட்டு மடிச்சு வெச்சிடலாம். இதை எப்படி சார் மடிக்கிறது?"



அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து சிறுநீரோடு வெளியேறட்டும் என்று நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது: சாதாரணக் கட்டி, பயமே வேண்டாம். வார்த்தை மாறாமல் அதே சரக்கு.

"என்னங்க," என்றாள் மனைவி, உப்பிய முகத்தோடு. "ரெண்டு கடையிலயும் ஒரே விலை சொல்லிட்டாங்க. இப்பவாவது தூங்குங்களேன்."

சிறுநீரகம் பழையபடி வேலை செய்யுமா என்று அவர் டாக்டரிடம் கேட்டார். "பாக்கலாம்," என்றார் டாக்டர். வாங்க மனமில்லாதவர்கள் கடைப்படி இறங்கும்போது சொல்லும் வார்த்தை அது. ஜவுளிக்காரருக்குத் தெரியாததா.

மாலையில் நர்ஸ் வந்து கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்து, அட்டையில் குறித்தாள். உள்ளே போனது இரண்டு லிட்டர். வெளியே வந்தது ஒரு டம்ளர்கூட இல்லை. பாக்கியெல்லாம் மனைவியின் கால்களில் வீங்கிக் கிடந்தது.