வாசலில் கேட்கக் கூடாதது

சங்கரன்கோவிலில் எங்கள் பார்சல் கிளைக்குப் புதிய மேலாளர் வந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கெடுவும் கூடவே வந்தது. மாதக் கடைசிக்குள் எல்லா வண்டியும் காலை ஒன்பதுக்குள் கிளம்பிப் பழக வேண்டும். இல்லையென்றால் கிளையை மூடி ராஜபாளையத்தோடு சேர்த்துவிடுவார்கள். பார்சல் கொண்டுபோகும் ஆறு பேருக்கும், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எனக்கும் வேலை போகும்.

மேலாளர் குல்கர்ணி புனேக்காரர். பிற பண்பாட்டினரோடு பேசுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி முடித்து, சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். தென்னாட்டு மக்களிடம் சொந்த விஷயத்தை விசாரித்தால் உருகிவிடுவார்கள் என்பது அங்கே பாடம். அதற்கென்று ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தார்.

முதல் நாள் எட்டே முக்காலுக்கு வேல்ராஜ் வண்டியைக் கிளப்பினான். வாசலில் நின்ற குல்கர்ணி வாயெல்லாம் பல்லாக, "எங்கே போறீங்க?" என்றார்.

வேல்ராஜ் வண்டியை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"கெளம்புத நேரத்துல எங்க போறன்னு கேட்டுட்டாரேக்கா, வெளங்குமா? இன்னைக்கு சிவகிரி லைன் வேற. செத்த உக்காந்துட்டுப் போறேன்."

அடுத்துக் கிளம்பிய மாலாவிடமும் அதையே கேட்டார்; அவளும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சதாம்.

"ஏலே, ஒனக்கு என்னலே சகுனம்?" என்றான் வேல்ராஜ்.

"சகுனம் ஒங்களுக்கு. ஃபேன் காத்து எனக்கு."

குல்கர்ணி பூரித்துப்போனார். ஒரு வார்த்தை கேட்டதும் எல்லாரும் வண்டியை விட்டிறங்கி வந்து உட்காருகிறார்களே! ஊழியர் நெருக்கம் கூடியிருப்பதாகத் தலைமைக்கு எழுதினார். வண்டிகள் ஒன்பதரைக்குக் கிளம்புவதை நான் எழுதினேன். நெருக்கம் போதவில்லை போலும், இன்னும் அன்பாக விசாரிக்கவும் என்று பதில் வந்தது. மறுநாளிலிருந்து ஆண்களின் தோளில் கைபோட்டுக் கேட்டார். பத்து மணி ஆயிற்று.

"அவர்ட்ட யாராவது சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

"நல்லாருக்கே! மனுசன் ஆசையா கேக்காரு, மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்ல?" என்றாள் மாலா. "நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கக்கா. எழுத்துல இருந்தா கோவம் வராது."

எழுதினேன். ஒன்று, இங்கே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பதில்லை. இரண்டு, கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். மூன்று, "போயிட்டு வாங்க" என்றால் போதும்.

குல்கர்ணியின் முகம் சிவந்தது. முதல் நாளே ஏன் யாரும் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். மரியாதைக்காக என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அன்றோடு கேட்பதை நிறுத்தினார். ஆனால் என் கடிதத்தைத் தலைமைக்கும் அனுப்பிவைத்தார்.

உள்ளூர் நம்பிக்கையை மதிப்பதாகத் தலைமை பதில் எழுதியது. நான்கே நாளில் ஆளுயரப் பலகையும் வந்தது. வெளியே போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் மாட்ட வேண்டுமாம். "எங்கே போகிறீர்கள்?" என்பது சிவப்பில், சாண் உயரத்தில். "என்று யாரையும் கேட்காதீர்கள்" என்பது அதற்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோல.

வேல்ராஜ் வாசல்வரை போனான். நிமிர்ந்து பார்த்தான். வண்டியை அணைத்தான்.

"ஆளு கேட்டதாது பரவால்ல. இப்ப போர்டுல்லா கேக்குது!"

தலைமை சொல்லாமல் பலகையைக் கழற்ற முடியாது என்றார் குல்கர்ணி. அனுமதி கேட்டு எழுதினோம். அது பரிசீலனையில் இருக்கும்போதே மாதம் முடிந்தது.

கிளையை மூடிவிட்டார்கள். குல்கர்ணிக்குப் பதவி உயர்வு; தமிழ்நாட்டுக்கு வரப்போகும் மேலாளர்களுக்கு இனி அவர்தான் பயிற்சி கொடுப்பாராம். கடைசி நாள், சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டும்போது நான் கேட்டேன்.

"எங்க சார் போறிய?"

நின்றார். பெட்டியோடு திரும்பி உள்ளே வந்து, ஆறு பேரும் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

கேன் தண்ணீரை முந்தின நாளே நிறுத்தியாகிவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டுத்தான்.

தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.