சுருட்டி வைத்த வத்தலக்குண்டு சாலை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்கு பஸ் ஓட்டிய சோலைமுத்துவுக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில். ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது, தொடைமேல் சும்மா கிடக்கும் கை தானாகத் தாளம் போடும். அதைப் பார்த்த பிரயாணிகள் ஒவ்வொருவராகக் கடைசி சீட்டுக்கு நகர்ந்தார்கள். பஸ் முதலாளி பெருமாள்சாமி அவரை இறக்கி ஷெட்டில் உட்கார வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நின்றுவிடும் என்றார் சோலைமுத்து. இருக்கலாம், ஆனால் அதைச் சோதிக்க எவன் பஸ்ஸில் ஏறுவான்?

லேத்துப் பட்டறை ராயப்பராஜ் வழி சொன்னார். ஓடாத பஸ் ஒன்று செய்வது; அதில் ஓட்டிக் காட்டட்டும்; யார் மண்டையும் உடையாது.

உடைந்த லாரியின் ஸ்டியரிங், மூன்று மிதி, ஒரு ஹாரன். எதிரே இரண்டு உருளையில் சுற்றிய நாற்பது கஜம் காடாத்துணியில் வத்தலக்குண்டு சாலை. கைப்பிடியைச் சுற்றினால் சாலை இறங்கி வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் துணிக்கு முன்னால் கயிற்றில் தொங்கும் மரப் பஸ் நகரும். அட்டையில் வெட்டிய ஆடுமாடுகளை ஷெட் ஆட்கள் கம்பில் கட்டிப் பக்கத்திலிருந்து நீட்டுவார்கள். முட்டினால் மணி அடிக்கும். சாலையை வரைந்தவர் நாடகத் திரை எழுதும் அழகர். தர்பார் மண்டபம் இல்லாமல் தமக்குத் திரை எழுத வராது என்றுவிட்டார். ஆகவே செம்பட்டி தாண்டியதும் ஓர் அரண்மனை.

திறப்பு விழாவுக்கு, ஏழு சங்கங்களின் தலைவரான கண்ணுசாமி வந்தார். முதலில் உட்காருவது தலைமை விருந்தினர்தான் என்பது முறை. மாலையோடு உட்கார்ந்தார்.

பெரிய மனிதர் வரும் வழியில் மாட்டை நீட்டுவது எப்படி? மாடு பிடித்தவர் மாட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆடு பிடித்தவர் ஆட்டோடு சேர்ந்து கும்பிட்டு விலகினார். கைப்பிடியில் இருந்த அழகர் சாலையைச் சாமி ஊர்வலம்போல மெல்லச் சுற்றினார். கண்ணுசாமி ஒரு கையால் கூட்டத்துக்கு வணக்கம் வைத்தபடியே, ஒரு மணியும் அடிக்காமல் வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தார்.

"இம்புட்டுத்தானா? இதுல முட்டுறவன் மாட்டுவண்டிகூட ஓட்டப்படாது," என்று இறங்கினார்.

அடுத்து சோலைமுத்து. ஒளித்து வைத்த கால்நடைகளெல்லாம் வட்டியோடு வந்தன. ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவர் கை அடங்கிவிட்டது. எதிலும் முட்டாமல் ஒதுங்கிப் போனவர், அரண்மனை வாசலில் ஷெட் ஆட்கள் இரண்டு மாட்டை ஒன்றாக நீட்டியபோது மட்டும் ஒன்றில் உரசினார். ஒரு மணி.

பெருமாள்சாமி, எழுதி வைத்த மணிக் கணக்கைப் படித்தார். தலைவர் பூஜ்யம், சோலைமுத்து ஒன்று. மெஷின் பொய் சொல்லுமா? ஆகவே சோலைமுத்து இனி ஷெட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

சோலைமுத்து எழுந்து நின்றார். "சரிங்க மொதலாளி. அப்ப நாளைக்கு மொத டிரிப்பை அய்யாவே எடுக்கட்டும். அவுகதான் என்னையவிட நல்லா ஓட்டுறாகளே."

கூட்டம் கை தட்டியது. கைதட்டலை மறுத்துப் பழக்கமில்லாத கண்ணுசாமி கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் நிறைய ஆட்கள். புது மாலையோடு டிரைவர் சீட்டில் கண்ணுசாமி. கண்டக்டர் விசில் ஊதினார். எதிரே நின்ற எருமை, தலைவர் என்றும் பாராமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கண்ணுசாமியின் இரண்டு கையும் ஆடின. கூடவே மாலையும் ஆடியது. ஜன்னல் வழியே குனிந்து, கீழே நின்ற சோலைமுத்துவைக் கூப்பிட்டார்.

"அப்பு, செத்த நேரம் நீ புடி. நான் சனங்களுக்குக் கும்புடு போடணும்ல."

சோலைமுத்து அவரைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தார். "செத்த நேரம்னா வேணாங்க. தெனமும்னா ஏறுறேன்."

பெருமாள்சாமி நிறைந்த பஸ்ஸைப் பார்த்தார். ஆடுகிற மாலையைப் பார்த்தார். சரியென்று தலையை அசைத்தார்.

சோலைமுத்து ஏறி பஸ்ஸை எடுத்தார். மாலையோடு இறங்கினால் மரியாதை போகுமே என்று கண்ணுசாமி பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். தாம் மேற்பார்வைக்காக வந்திருப்பதாக வத்தலக்குண்டுவரை பிரயாணிகளுக்கு விளக்கிக்கொண்டே போனார்.