பதினாறு ஓட்டைகள்

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கத்தரீனாள் முதலில் ஹார்லிக்ஸ் பாட்டிலை இழுத்தாள். பிறகு பாதியாக அறுத்த தேயிலைப் பெட்டியை இழுத்தாள். கட்டிலின் மேல் அவள் புருஷன் சுவக்கீன், வெள்ளைச் சட்டை போட்டு, விரல்களில் ஜெபமாலை சுற்றி, விடியற்காலையிலிருந்து அசையாமல் கிடந்தார். சுற்றி உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"இப்பப் போயி என்னத்த எடுக்க, மைனி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள்.

"வண்டுக. இதுகள மாத்தணும்லா."

பெரியம்மாள் மூக்கைச் சிந்தினாள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். புத்தி கலங்கியது யாருக்கு என்று நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து மூன்றாம் வருஷ மழையிலேயே, எஸ்டேட் குடியிருப்பான லயம் முழுக்கப் பேசித் தீர்த்தாகிவிட்டது. எஸ்டேட் மரவேலைக்காரரான சுவக்கீன் உளுத்துப்போன ஒரு மரக்கட்டையைப் பிளந்தபோது, அதில் தட்டு மாதிரி முளைத்திருந்த கட்டைக் காளானுக்குள்ளிருந்து கறுப்பாய்ச் சில வண்டுகள் வந்தன. மிளகளவுதான் இருக்கும். ஆண் வண்டுக்கு மட்டும் தலையில் இரண்டு குட்டிக் கொம்பு. மனுஷர் அவற்றைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கோழி வளக்கான், ஆடு வளக்கான். வண்டு எவனாவது வளப்பானா?" என்று அவள் கத்தினாள்.

"கோழிகிட்ட முட்டை எதிர்பாக்கோம். இதுககிட்ட ஒண்ணுமே கேக்க வேண்டாம் பாரு" என்றார் அவர்.

தொட்டால் போதும், காலை மடக்கிக்கொண்டு செத்தது மாதிரி விழுந்துவிடும். அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்து ஒரு கால் நீளும். "நடிச்சிருக்கான் பாத்தியா, களவாணிப்பய!" என்று சின்னப்பிள்ளையாகச் சிரிப்பார். திட்டிக்கொண்டே அவளும் எட்டிப் பார்ப்பாள்.

போன மாதம் பாட்டிலுக்குள் வெள்ளைப் பூசணம் பிடித்து வண்டுகள் ஒவ்வொன்றாய்ச் சாக ஆரம்பித்தன. நெஞ்சுச் சளியில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் புதுப் பெட்டி செய்தார். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை அடியில் அப்படியே விட்டார். அதன்மேல் உளுத்த கட்டைத் தூள், மரப்பட்டை, காய்ந்த காளான் இரண்டு. ஒரு மூலையில் மட்டும் நனைந்த பஞ்சு. எல்லா இடமும் ஈரமானால் மறுபடி பூசணம் வரும். மூடிக்கு ஒரு பலகையை இழைத்து, காற்றுக்கென்று வரிசைக்கு நாலாகப் பதினாறு ஓட்டை போட்டு மரவேலைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். "பலகைய வாங்கி மூடி போட்டு, அதுகள மாத்திரு கத்தரீ. செத்தத மட்டும் உள்ள போட்டுராத. ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டுரும். எந்திரிக்கான்னு பாத்துட்டுப் போடு."

"நாளைக்குப் பாத்துக்கிடலாம். இப்பக் கஞ்சியக் குடிங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த நாளைதான் இன்று. இந்த நெஞ்சு நோயில் யார் போனாலும், உடலைத் தூக்கியதும் வீட்டுக்குள் மருந்தடிப்பது எஸ்டேட் சட்டம். பூச்சி என்று ஒன்று மிஞ்சாது. வெளியே வைக்கலாமென்றால், இந்தப் பாட்டிலுக்குள் இன்னும் இரண்டு நாள்கூடத் தாங்காது. அவர் வீட்டில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். பலகையை வாங்கிவரக் கொட்டகைக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

இரண்டு மணிக்குச் சவப்பெட்டி வந்தது. அதைச் செய்த செல்லத்துரை, சுவக்கீனிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன், தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தான்.

"பலகை எங்கய்யா?"

அவன் சவப்பெட்டியின் கால்மாட்டைக் காட்டினான். நாலு வரிசையில் பதினாறு ஓட்டை. எல்லாவற்றிலும் மெழுகு.

"ஒரு பலகை குறஞ்சி போச்சு, மைனி. அண்ணன் இத எழச்சு தனியா எடுத்து வச்சிருந்தாரு. மலை பூராவுக்கும் பெட்டி அடிக்கிற மனுசன், தனக்குன்னு ஒண்ணு ஒதுக்கியிருக்காருன்னு நெனச்சிட்டேன்."

"ஓட்டையப் பாக்கலயா நீ?"

"பாத்தேன். அண்ணன் காரணமில்லாம ஓட்டை போட மாட்டாரே. ஆனா கேக்கதுக்கு அவரு இல்லையே." அவன் மெழுகைக் கட்டைவிரலால் தடவினான். "மெழுகு ஊத்தி அடச்சேன். நீங்க ஆள் விட்டப்ப ஆணி அடிச்சாச்சு. கழட்டிரட்டா மைனி?"

கத்தரீனாளுக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் அத்தனை பேரும் பார்க்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வண்டு மூடியைக் காலடியில் வைத்துக்கொண்டு போகிற மனுஷன் உலகத்தில் வேறு யாருக்குப் புருஷனாகக் கிடைக்கும்?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கழட்ட வேண்டாம். அந்த மெழுக மட்டும் குத்தி எடுத்துரு. மூச்சுக்குத்தான் ஆறு மாசமா கஷ்டப்பட்டாரு."

செல்லத்துரை உளியை எடுத்துக்கொண்டு சவப்பெட்டியின் காலடியில் உட்கார்ந்தான்.

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து கல்யாண நெட்டை எடுத்தாள். கோயிலில் தாலி கட்டியபோது தலையில் போட்டிருந்த வலைத்துணி. செத்தால் தன்னோடு பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்று பெரியம்மாளிடம் எத்தனையோ தடவை சொல்லி வைத்திருந்தது.

"மைனி, அது உங்களுக்குல்லா" என்றாள் பெரியம்மாள்.

"எனக்கு அவசரமில்ல" என்று சொல்லி, நெட்டை நாலாக மடித்துத் தேயிலைப் பெட்டியின் வாய்க்கு அளவு பார்த்தாள். போதும். கட்டக் கயிறும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாட்டிலைச் சாய்த்தாள். எட்டு வண்டுகள் மிச்சமிருந்தன. தொட்டதும் எட்டும் விழுந்தன. ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் எடுத்து, கால் நீளும்வரை காத்திருந்து, பெட்டிக்குள் விட்டாள். அதற்குள் சுவக்கீனைச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். வெளியே ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. மருந்தடிக்கிறவன் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஏழு வண்டுகள் உள்ளே போய்விட்டன. எட்டாவது ஒரு கொம்புக்காரன். காலை மடக்கிக்கொண்டு கல்லாய்க் கிடந்தான்.

"மூடணும் மைனி. சாமியாரு கோயில்ல காத்துக்கிட்டிருப்பாரு" என்றான் செல்லத்துரை, கையில் சுத்தியலோடு.

"இரு. இவன் எந்திரிக்கட்டும். பாத்துட்டுத்தான் போடணும்னு அவரு சொல்லியிருக்காரு."

அவள் சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மடியில் விரித்து வைத்தாள். செல்லத்துரை சுத்தியலைத் தரையில் வைத்தான். ஜெபம் நின்றது. ஜீப் டிரைவர்கூட வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். அவள் வண்டைப் பார்த்தாள். அப்புறம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னா மைனி, எந்திரிச்சிட்டானா?" என்று கேட்டான் செல்லத்துரை.

உள்ளங்கையில் லேசாகக் குறுகுறுத்தது. அவள் விரல்களை மெல்ல மூடிக்கொண்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.