முகம் பார்க்கும் பரிசு

எங்கள் தராஸ் நகரில் பார்வையற்றோரின் மாண்பைப் பற்றி செயித்பெக் அளவுக்குப் பேசியவர் கிடையாது. சமூகநலத் துறையில் பெரிய பதவி. வருடந்தோறும் வெள்ளைக்கோல் தினத்தன்று மேடையேறிக் கண்கலங்கி, ஆளுக்கொரு தேநீர்க் குடுவை கொடுப்பார். காலமான அண்ணனின் மகன் யெர்லானுக்குக் கல்யாணம் என்றதும், அண்ணி ரவ்ஷானின் கோலைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியவரும் அவர்தான்.

"அண்ணி, பொண்ணு வீட்டுக்கு இன்னும் சொல்லல. பரம்பரையில இருக்குமோன்னு பயந்துருவாங்க. இன்னிக்கு ஒரு நாள் பாக்குற மாதிரி இருங்க, போதும்."

"நானும் ஏழு வருஷமா அதுக்குத்தான் முயற்சி பண்றேன், தம்பி" என்றாள் ரவ்ஷான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மணப்பெண்ணின் முக்காட்டை விலக்கும் சடங்கில், மாமியார் வெள்ளைத் தலைத்துணி போர்த்தி முத்தமிட்டு, முகம் பார்த்ததற்குப் பரிசு தருவாள். அந்தச் சாக்கில் மருமகள் ஜிபெக்கின் முகத்தை நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும். மகன் முகமே அவளிடம் பள்ளிக்கூடப் பையனாக நின்றுபோயிருந்தது.

பாடகர் தோம்பிராவை மீட்டி உறவினரைப் பெயர் சொல்லிப் பாடப்பாட, பெண் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்கினாள். மாமியார் முறை வந்ததும், ஏற்பாட்டின்படி செயித்பெக்கின் மனைவி, ரவ்ஷானின் முழங்கையைக் கிள்ளினாள். ரவ்ஷான் தன் வெள்ளித் தோடுகளைக் கொடுத்தாள், துணியைப் போர்த்தினாள், முத்தமிட்டாள். விரல்கள் நெற்றிக்குப் போயின. புருவத்தில் சின்னத் தழும்பு ஒன்று. எப்போது விழுந்தாய் கண்ணே என்று கேட்க வாயெடுத்தாள்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கியது. செயித்பெக் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது, கண் போனபின் அவளைக் கடைத்தெருவுக்கெல்லாம் கூட்டிப்போன கை.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் யெர்லான், காதோடு.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். "பாத்துட்டேன். நிலா மாதிரி இருக்கா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கூடம் கைதட்டியது. பெண்ணின் தாய் பக்கத்தில் இருந்தவளிடம், "சம்பந்தியம்மா கண்ணெடுக்காம பாக்குறாங்க பாரேன்" என்றாள். நெகிழ்ந்துபோன செயித்பெக் ஒலிவாங்கியைப் பிடித்து, தாயின் பார்வை எத்தகையது என்று, தட்டுகளில் இறைச்சி ஆறும்வரை பேசினார்.

பிறகு குடும்பப் படம்.

"அண்ணி, கேமராவைப் பாருங்க."

எந்தப் பக்கம் என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். மகன் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவான் என்று, சிரித்த முகத்தைக் கலைக்காமல் காத்திருந்தாள். அதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.