இடப்பக்கம் சாய்ந்த இலை

இதனால் வையகத்துக்குத் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், குப்பை என்ற சொல் இனி அகராதியிலிருந்து நீக்கப்படும். நகரத்து எரியாலையின் மேலாளர் ஒலிபெருக்கி வைத்து அப்படித்தான் அறிவித்தார். இன்று நாம் வீசும் பழத்தோல் நாளை நம் வீட்டு விளக்காக ஒளிரும். ஆலையின் புகைபோக்கியிலிருந்து வருவது புகையே அல்ல, நகரம் விடும் நிம்மதிப் பெருமூச்சு. சந்தேகப் பிராணிகளுக்காக ஆலையின் பின்தெருவில், ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஒரு வாரம் வெள்ளைத் துணி கட்டப்படும். பிறகு அது விழா மேடையில் விரிக்கப்படும். அதில் ஒரு கறை இருந்தால் தன் மீசையை மழித்துவிடுவதாகவும் மேலாளர் சவால் விட்டார். அந்த மீசை அறிவிப்புக்கு முன்பே ஊரில் பிரபலம்.

மாடி யாருடையது? ஆலையின் வடிகட்டிப் பொறுப்பாளருடைய அக்காவின் மாடி. நம்ம ஆள் வீடு என்பதால் மேலாளர் அதைத் தேர்ந்தெடுத்தார். அக்கா தையல் வேலை செய்பவள். துணியின் மூலையில் ஆலையின் சின்னத்தை, அதாவது புகைபோக்கியிலிருந்து ஓர் இலை முளைப்பதை, பச்சை நூலில் அவளே தைத்துக் கொடுத்தாள்.

எரியாலைக்கு இரண்டு பாதிகள் உண்டு. குப்பை எரிகிறது, அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது, மின்சாரம் வருகிறது. இது மேடையில் பேசப்படும் பாதி. அடுப்பிலிருந்து வரும் வாயுவில் சுண்ணாம்புத் தூளும் கரித்தூளும் ஊதி, நச்சை அவை பிடித்துக்கொண்டதும் எல்லாத் தூசியையும் நீளநீளமான துணிப் பைகளில் வடிகட்டி, மிச்சத்தை மட்டும் வெளியே விடுவது இரண்டாம் பாதி. பைகள் அறை அறையாக இருட்டில் தொங்கும். இதுவரை எந்தப் பிரமுகரும் ஒரு பையின் முன்னால் ரிப்பன் வெட்டியதில்லை.

மூன்றாவது அறையில் பைகள் கிழிந்திருந்தன. அந்த அறையை அடைத்துவிட்டு மற்ற அறைகளை வைத்து ஓட்டலாம். ஆனால் குப்பையைக் குறைத்துப் போட வேண்டும், மின்சாரமும் குறையும். துணி கட்டுவதற்கு முதல் நாள் வடிகட்டிப் பொறுப்பாளரான தம்பி இதை மேலாளரிடம் போய்ச் சொன்னான்.

"சார், மூணாவது அறையை அடைச்சே ஆகணும். தூசி மீட்டர் ஏறிக்கிட்டே போகுது."

"மீட்டரைத் துடைக்கச் சொன்னேனே."

"துடைச்சாச்சு சார்."

"அப்ப ஒழுங்கா துடைக்கல." மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இதோ பாருப்பா. விழா வாரத்துல கரண்டைக் குறைச்சா ஊரே இருட்டாயிடும். ஆஸ்பத்திரி இருக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இருக்கு. அந்தப் பாவத்தை நீ சுமக்கிறியா?"

அடுத்த அறையில் துணை மேலாளரின் நாற்காலி, பதவி உயர்வுக்கு ஆள் தேடி, காலியாக இருந்தது. நாற்காலி எதுவும் பேசாது. அதைப் பார்த்தவர்களுக்கும் பேச்சு வராது. தம்பி தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் துணி கட்டும்போது எதிர்வீட்டு லாரிக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "என்ன தங்கச்சி, ஆலைக்குத் துணி காயப்போட உன் மாடிதான் கிடைச்சுதா?"

"என் தம்பி அங்க இருக்கான் அண்ணே. அவனைத் தாண்டி ஒரு தூசி வராது."

"அப்ப என் வண்டிக் கண்ணாடியில தினமும் வந்து குந்துறது யாரு, உன் பெரியம்மாவா?"

"வண்டியைக் கழுவற பழக்கம் இருந்தா அதெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

தெருவே சிரித்தது. கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தம்பியும் சிரிப்பவன் மாதிரி வாயை வைத்துக்கொண்டான். வலப்பக்கம் சாய்ந்திருந்த பச்சை இலையின் மேல் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தட்டிவிட்டான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அப்போதைக்கு.

அந்த வாரம் முழுக்க அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. துணி எப்படியும் சாம்பல் பூக்கும். தான் சொல்லாததை அது மேடையேறிச் சொல்லிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. படித்த பொறியாளன், உண்மை பேசும் வேலையை ஒரு முழம் துணியிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தான்.

விழாவில் துணி விரிக்கப்பட்டது. பால் வெள்ளை. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேலாளர் மீசையை நீவிக்கொண்டார். துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டும்படி மேடையிலேயே உத்தரவானது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி, மூலையிலிருந்த சின்னத்தைப் பார்த்தான்.

இலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவன் கூட்டத்தில் அக்காவைத் தேடினான். அவளுக்கு முன்னால் லாரிக்காரர் நின்றிருந்தார். "ஒத்துக்கிறேன் தங்கச்சி. உன் தம்பியைத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. நாளையிலேருந்து வண்டியைக் கழுவறேன்." கேலி இல்லாமல், நிஜமாகவே கைகூப்பிச் சொன்னார். அக்கா குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தம்பி அவள் வீட்டுக்குப் போனான். குளியலறை வாளியில் பழைய துணி ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பென்சில் முனையின் நிறத்தில் இருந்தது.

"எப்பக்கா மாத்தினே?"

"நேத்து சாயங்காலம். கசக்கிப் பார்த்தேன், போகல. அவசரத்துல புதுசு ஒண்ணு தைச்சேன்."

"இலை மாறிப்போச்சு."

"அப்படியா. யாரு பார்க்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கிட்ட சொன்னியாடா?"

அவன் வாளியைப் பார்த்தான்.

"உன் மானம் போயிடுமேன்னுதான் மாத்தினேன்" என்றாள். "இப்போ அந்த அண்ணன் நாளைக்கு வண்டியைக் கழுவிக்கிட்டு நிப்பார். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளியில வர்றது?" பிறகு வழக்கமான குரலில், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தக் கேள்விதான் அவனைச் செருப்பு மாட்டவிடாமல் தெருவுக்குத் துரத்தியது.

ஆலையின் கட்டுப்பாட்டறைக்குள் வெறுங்காலுடன் நுழைந்தான். "குப்பையைக் குறை. மூணாவது அறையை அடை."

பணியில் இருந்தவர் தயங்கினார். "மேலிடத்துல கேட்டாச்சா சார்?"

"அக்காகிட்ட கேட்டாச்சு."

அறை அடைபட்டது. தூசி மீட்டர் யாரும் துடைக்காமலே இறங்கத் தொடங்கியது. மின்சாரக் கணக்கும் இறங்கியது. தம்பி ஜன்னலருகே போய் நின்றான். வெளியே அந்தி சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஆஸ்பத்திரி இருட்டாகும், படிக்கிற பிள்ளைகள் தவிப்பார்கள், அந்தப் பாவத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாவது போவோம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

ஊரில் ஒரு பல்புகூட மங்கவில்லை.