பப்பேட்டே சந்தையில் ஒரு குடுமித் தேங்காய்

ஜீவரத்தினம் சந்தைக்குள் போனது ஒரு தேங்காய் வாங்க. ஐந்தாவது நிமிடம் அவர் கையில் ஒரு கோர்வை மீன் தொங்கியது.

"என்னப்பா உது?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. அவள் இருந்தது லண்டனில், ஹரோ வீட்டுச் சோபாவில். மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் நீட்டியபடி போனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன்."

"மீன் எண்டு எனக்கும் தெரியுது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட மனிசன் ஏன் மீன் வாங்கினனீங்கள்?"

"நான் வாங்கேல்லை. அந்த மீன்கார மனிசி சுத்திக் கையிலை தந்திட்டா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அவர் நின்றது தஹீத்தித் தீவின் பப்பேட்டே நகரத்துப் பொதுச் சந்தையில். அங்கே ஞாயிறு காலை ஆறு மணி. ஹரோவில் அதே ஞாயிறு மாலை நாலு மணி. தீவு நேரம் ஒன்பதுக்கு அவர்கள் மகன் ரதீசனுக்குக் கல்யாணம். பெண் ஹினாரி அந்த ஊர்க்காரி, லண்டனில் ரதீசனோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். கல்யாணம் பெண் வீட்டு முற்றத்தில். இரண்டு கிழமைக்கு முன் வாசற்படியில் ஐஸ் வழுக்கிச் சிவனேஸ்வரி விழாமல் இருந்திருந்தால் அவளும் அங்கே நின்றிருப்பாள். இந்தக் காலோடு பறக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

போக முடியாத தாய் ஒன்றே ஒன்று கேட்டாள். மணவறைக்கு முன்னால் தன்னுடைய செம்பில் நிறைகுடம் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் எப்படியும் நடக்கட்டும், அது தன் கைக்காரியமாக இருக்கட்டும் என்றாள். செம்பு பெட்டியில் போனது. மாவிலைக்கு மரம் பெண் வீட்டிலேயே நின்றது. செம்பின் மேலே வைக்கிற தேங்காய் மட்டும் போகவில்லை. டூட்டிங் தமிழ்க் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய குடுமித் தேங்காயைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைத்தவர் ஜீவரத்தினம்தான்.

"தென்னை நிக்கிற நாட்டுக்கு லண்டனிலை இருந்து தேங்காய் கொண்டு போறதோ? கேட்டால் சிரிப்பினம்."

இப்போது சிரித்தது மங்கலம். பக்கத்து வீட்டு மலேசியாக்காரி. சிவனேஸ்வரி தனியாக இருக்கிறாளே என்று வந்தவள், சந்தையைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அண்ணன் கைய கிய ஆட்டியிருப்பாரு. அவங்க இவருக்கு மீன் வேணும்னு நெனச்சிருப்பாங்க."

"என்ரை ரெண்டு கையும் பின்னாலைதான் இருந்தது, மங்கலம்!" என்றார் ஜீவரத்தினம் போனுக்குள்ளிருந்து.

"பிரெஞ்சு தெரியும் எண்டு பெரிசாச் சொன்னியள்?"

"பாரிஸிலை அண்ணை வீட்டை மூண்டு மாசம் இருந்தனான். போன்ஜூர், மெர்சி ரெண்டும் சொல்லியாச்சு. அதுக்கு மேலை அண்ணை கதைக்க விடேல்லை."

அவர் போனைச் சட்டைப்பையில் கமரா வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு நடந்தார். இனிச் சிவனேஸ்வரிக்கு அவர் முகம் தெரியவில்லை. சந்தை தெரிந்தது. உயரமான கூரைக்குக் கீழே அத்தனை சனம். குவித்து வைத்த சேம்பங்கிழங்கு, ஈரப்பலாக்காய், கட்டுக்கட்டாய் வனிலாக் காய். நீலமும் பச்சையுமாய் மீன்களை வாயில் நார் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தலையில் பூவளையம் வைத்த பெண்கள் மேசைக்கு மேசை கூப்பிட்டுச் சிரித்தார்கள். எங்கோ ஒருவர் சின்னக் கிற்றார் மாதிரி ஒன்றைத் தட்டிப் பாடினார்.

"தேங்காய்! உங்கை, இடப்பக்கம்!" என்று கத்தினாள் சிவனேஸ்வரி.

ஒரு பருத்த பெண்மணியின் மேசை. பூப்போட்ட சட்டை, காதில் வெள்ளைப் பூ. ஒரு பக்கம் இளநீர். மறு பக்கம் ஒரு நார் கூட இல்லாமல் மழித்து எடுத்த மொட்டைத் தேங்காய்கள். ஜீவரத்தினம் மேசையைப் பார்த்தார். பெண்மணி அவரைப் பார்த்தாள். உடனே ஒரு அன்னாசியை எடுத்துப் பையில் போட்டாள்.

"அன்னாசி ஏனப்பா?"

"நான் வாயே திறக்கேல்லை!"

இரண்டாவது அன்னாசி போனது. பிறகு ஒரு சீப்பு வாழைப்பழம்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"எப்பிடிச் சொல்லுறது? என்ன ஏதெண்டு கேக்கக் கேக்கப் போடுறாள்!"

மங்கலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணன், மொத்தக் கடையையும் வாங்கிட்டு வந்திருங்க."

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை. ஒன்பது மணிக்கு மொட்டைத் தேங்காயோடு ஒரு நிறைகுடமா, அல்லது நிறைகுடமே இல்லையா? அவள் போனைக் கண்ணருகே பிடித்தாள். அந்த மேசைக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். பெண்மணி ஒரு வாழைச் சீப்பைத் தூக்கிக் காட்டினாள். அவர் பேசவில்லை, தலையாட்டவில்லை. இரண்டு புருவத்தையும் மேலே தூக்கி இறக்கினார். சீப்பு பைக்குள் போனது. அடுத்து வந்தவளும் அப்படியே. புருவம் மேலே போனது. பை நிறைந்தது.

முப்பத்திரண்டு வருடமாக ஒருவர் முகத்தைப் பார்த்தவள் சிவனேஸ்வரி. தேத்தண்ணி எங்கே என்பதற்கும், பேப்பர் வந்ததா என்பதற்கும், யார் போனில் என்பதற்கும் அவர் வாயைத் திறப்பதில்லை. புருவத்தைத்தான் தூக்குவார்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அவவிட்டை என்னெண்டு கேட்டனீங்கள்?"

"வழமையாக் கேக்கிறமாதிரித்தான்."

"புருவத்தாலையோ?"

சட்டைப்பைக்கு முன்னால் ஒரு கை நெற்றிப் பக்கம் ஏறியது.

"ஐயோ, அங்கை அது ஓம் எண்டு அர்த்தமப்பா! நீங்கள் என்ன எண்டு கேக்கிறியள், அவா ஓம் எண்டு எடுக்கிறா!"

"அப்ப நான் இவ்வளவு நேரமும்..."

"ஓம். இனிமேல் புருவத்தை அசைக்காதையுங்கோ."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஜீவரத்தினம் நெற்றியை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேசைக்குப் பின்னால் காட்டினார். அங்கே நிலத்தில் நட்ட இரும்புக் கூருக்குப் பக்கத்தில் உரிக்காத தேங்காய் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. பெண்மணி அதை எடுத்து நீட்டினாள். ஜீவரத்தினம் சந்தோசத்தில் ஓம் ஓம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். பெண்மணி முகம் வாடி, தேங்காயைத் திரும்பக் கீழே போட்டாள்.

"தலையையும் ஆட்டாதையுங்கோ!"

"அப்ப நான் எதைத்தான் ஆட்டுறது?"

"ஒண்டையும் ஆட்ட வேண்டாம். போனை அவவிட்டைக் குடுங்கோ."

திரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பெண்மணியின் அகன்ற முகத்தில் நின்றது. சிவனேஸ்வரி மங்கலத்தைச் சாமியறைக்கு ஓட்டி, தைப்பொங்கலுக்கு எடுத்த நிறைகுடப் படத்தைக் கொண்டுவரச் செய்தாள். படத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்துத் தேங்காயின் குடுமியில் விரலை வைத்தாள். பெண்மணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தேங்காயை எடுத்து இரும்புக் கூரில் குத்தித் திருப்பினாள். மட்டை ஒரு பக்கம் பிய்ந்தது, மறு பக்கம் பிய்ந்தது. உச்சியில் ஒரு பிடி நார் மட்டும் மிஞ்சியது. பழக்கத்தில் அவள் கை அதையும் பிய்க்கப் போனது.

எந்தத் தலையாட்டல் எந்த நாட்டில் என்ன என்று நினைக்கச் சிவனேஸ்வரிக்கு நேரமில்லை. தன் கொண்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் அதை வெட்டுவதுபோல் காட்டி, ஓவென்று அழும் முகத்தைக் காட்டினாள்.

கை நின்றது. பெண்மணி தேங்காயைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்த நாரைச் சீப்பால் இழுப்பதுபோல் விரலால் நீவி, ஒரு முடிச்சாக நிமிர்த்திக் காட்டினாள்.

சிவனேஸ்வரி இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

குடுமியைத் தொட்டு, வெறுங்கையை விரித்து, ஏன் இது என்று கேட்டாள் அந்தப் பெண்மணி. சிவனேஸ்வரி மங்கலத்தைப் பார்த்தாள். மங்கலம் உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கும் தெரியாது பிள்ளை," என்றாள் சிவனேஸ்வரி தமிழிலேயே. "ஆனால் அது இல்லாமல் ஏலாது."

எட்டே முக்காலுக்கு, பெண் வீட்டு முற்றத்தில் செம்பு வைத்தாயிற்று. மாவிலை செருகி, தேங்காய் குடுமி மேலாக ஏறியது. ஹினாரியின் ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ரதீசன் போனை உயரப் பிடித்திருந்தான்.

"கும்பம் கிழக்கைப் பார்க்க வேணுமப்பா. எங்கை கிழக்கு?" என்றாள் சிவனேஸ்வரி போனுக்குள்ளிருந்து.

ஜீவரத்தினம் மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "மழைமுகில் மூடியிருக்கு. ஆருக்குத் தெரியும்?"

ஹரோ யன்னலுக்கு வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. சிவனேஸ்வரி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அதை என்னைப் பாக்க வையுங்கோ," என்றாள். "ரதீசன், அம்மாவை முன்னுக்குக் கொண்டு போ."