தாடி முளைத்த கிப்பி

பொழுது இன்னும் புலரவில்லை. பிராட்வே ஓரத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கார்ட்டூன் படங்களுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரிந்தது. பலகைமேல் பென்சில் படம், அதைப் பார்த்து நகலெடுக்கப் படத்தின்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள். இடது கையில் பருத்தி உறை, வலது கையில் மெல்லிய நிப்பு. ஜன்னலைத் திறக்கக் கூடாது. தூசி ஒட்டினால் தாள் வீண். ஆகவே பெயிண்ட் நெடியும் தாளின் கற்பூர வாடையும் வெளியேற வழியில்லாமல் அவர்கள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தன. நெடியை வெளியே தள்ள ஒரு காற்றாடி வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை.

கான்செட்டா பல வருஷமாகக் கிப்பிக்கு மை போடுகிறவள். கிப்பி ஒரு கார்ட்டூன் சினிமா ஆடு. திரையில் அது ஓர் அடி எடுத்து வைக்கவே பல தாள் வேண்டும். பழைய கிப்பி எலும்பும் தோலுமாக இருக்கும். கோணல் கொம்பு, கிழிந்த காது, மோவாயில் துருத்திக்கொண்டு ஒரு தாடி. வாடகை கேட்டு வருகிறவனின் தொப்பியைத் தின்னும், போலீஸ்காரனை முட்டித் தள்ளும். வேலையில்லாமல் திண்டாடிய ஜனம் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. இந்தக் குளிர்காலத்தில் முதலாளி க்ரேனுக்கு அந்த ஆடு கசந்துவிட்டது. பொம்மை செய்து விற்க லட்சணமான ஆடு வேண்டுமாம். தாடியை மழித்தார்கள். உருண்டை முகம், பெரிய கண், இமைமயிர், வெள்ளைக் கையுறை, பொத்தான் வைத்த சிவப்புக் கால்சட்டை எல்லாம் வந்தன. ஆடு கொழுத்தது, மை போடுகிறவர்கள் இளைத்தார்கள். ஒரு தாளில் இப்போது இரண்டு தாளின் வேலை. நாளுக்கு இத்தனை தாள் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. முடிக்காதவளுக்குச் சம்பளத்தில் பிடித்தம். போன வாரம் பக்கத்து மேஜை ஜெல்டா நெடி தாங்காமல் மயங்கி விழுந்தாள். மறுநாள் காலையில் அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. க்ரேன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். பின்னால் மேற்பார்வை பார்க்கும் மிஸ் பிரூயிட்.

"நேத்து தியேட்டர்ல கிப்பி டான்ஸ் ஆடுறான். திடீர்னு தாடி முளைக்குது. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுது. மறுபடி முளைக்குது. ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்குது. பக்கத்துல பொம்மைக் கம்பெனிக்காரன், அவன் மட்டும் சிரிக்கல. யாரு போட்டது?"

கான்செட்டா நிப்பைக் கீழே வைத்தாள். போட்டது அவள்தான். மோவாய்க் கோட்டை இழுத்து முடித்ததும் பழகிய கை தானாகப் பழைய தாடிக்கு ஒரு சுழி சுழிக்கும். கண்ணில் நீர் வழிய, சாயங்காலத்துக்குள் முடிக்க ஓடிய ஓட்டத்தில் எத்தனை தாளில் சுழித்ததோ அவளுக்கே தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்த அப்பா வீட்டில் கிடக்கிறார். இந்தச் சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது.

"அந்தத் தாளை எடு," என்றார் க்ரேன்.

"எல்லாத்தையும் கழுவியாச்சு சார்," என்றாள் மிஸ் பிரூயிட். படம் பிடித்தவுடன் தாளைக் கழுவி மறுபடி உபயோகிக்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. மிச்சம் பிடிக்கப் போய்ச் சாட்சி தொட்டித் தண்ணீரோடு போயிருந்தது.

"சரி. எல்லாருக்கும் ஒரே படத்தைக் குடு. கடிகாரத்தைப் பார்த்து ஓட்டு. எவ கை சுழிக்குதுன்னு பார்ப்போம்."

யார் கை சுழிக்கும் என்று அந்த அறையில் தெரியாதவள் இல்லை. நிப்புகள் கீறின. கான்செட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். மோவாய் வந்தது. கையை வெடுக்கென்று தூக்கிவிட்டாள். சுழிக்கவில்லை. உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

ஜெல்டா முதலில் எழுந்து தாளை நீட்டினாள். கிப்பிக்கு மார்பு வரை தாடி.

"என்னடி இது?"

"கிப்பி சார். நீங்க கேக்குற வேகத்துல ஓட்டினா இப்படித்தான் வருது."

அடுத்து அயர்லாந்துக்காரி மொய்ரா. "எனக்கும் முளைச்சிடுச்சு சார். மழிச்சது சரியில்ல போலிருக்கு."

அதற்கடுத்தவளுக்கும் தாடி. வரிசையாக வந்த எல்லாத் தாளிலும் தாடி. கடைசியில் கான்செட்டாவின் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார் க்ரேன். மழமழவென்று மோவாய்.

"பாத்தீங்களா, ஒழுங்கா வேலை தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. நீ இரும்மா. மத்தவளுங்க கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பலாம். கீழ தெருவுல நூறு பேர் வேலைக்கு நிக்கிறாங்க."

ஒருத்தியும் கான்செட்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அப்பாவின் முகம் வந்து போனது. க்ரேன் கையிலிருந்த தாளை வாங்கி மேஜையில் வைத்தாள். நிப்பை மையில் தோய்த்து, நிதானமாக ஒரு தாடி போட்டாள்.

"தியேட்டர்ல நீங்க பார்த்தது நான் போட்டதுதான் சார். இவங்க எனக்காகப் போட்டாங்க. அனுப்புறதுன்னா எல்லாரையும் அனுப்புங்க."

"திமிரா?"

"தாள் கணக்கைப் பாதியாக்குங்க. பிடித்தத்தை நிறுத்துங்க. ஜன்னல்ல ஒரு காத்தாடி வைங்க. அதுவரைக்கும் யாரும் மையைத் தொடமாட்டோம்."

"தெருவுல நிக்கிறவளுங்களைக் கூப்பிட்டு உக்கார வைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"கூப்பிடுங்க சார்," என்றாள் ஜெல்டா. "அடுத்த படம் சனிக்கிழமை போகணும். அதுக்குள்ள அவங்களுக்குக் கிப்பியோட கண்ணைப் போடக் கத்துக் குடுங்க."

க்ரேன் கதவை அறைந்துவிட்டுப் போனார். மொய்ரா நிப்பைத் துடைத்து வைத்தாள். மற்றவர்களும் துடைத்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜன்னலுக்கு வெளியே அழுக்கு வெளிச்சம் பரவியிருந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்குக்கா," என்றாள் கான்செட்டா.

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் ஜெல்டா.

சற்று நேரத்தில் மிஸ் பிரூயிட் திரும்பி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "கான்செட்டா, முதலாளி மேல வரச் சொல்றாரு. நீ மட்டும்."

கான்செட்டா எழுந்தாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒருத்தியும் உட்கார்ந்திருக்கவில்லை. மொய்ரா தலைத்துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளை மட்டும்தான் கூப்பிட்டாரு," என்றாள் மிஸ் பிரூயிட்.

"காதுல விழுந்துச்சும்மா," என்றாள் ஜெல்டா.

மாடிப்படி குறுகல். இரண்டு இரண்டு பேராகத்தான் ஏற முடிந்தது. மேலே முதலாளியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கான்செட்டா அதைத் தட்டியபோது, கடைசி வரிசைப் பெண்கள் இன்னும் கீழே படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.